மாதாவுக்கு நேர்ந்துவிட்ட ஸ்டேரிங்

நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் லாரி ஓட்டுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி யாரிடம் என்னைப் பற்றிப் பேசினாலும் இதிலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

வீடு அரியலூரில். வேலை குன்னம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், கணக்கு வாத்தியார். மக்காச்சோளத்தையும் பருத்தியையும் சின்ன வெங்காயத்தையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற ஊர் அது. காலையில் போகிற பஸ்ஸும் சாயங்காலம் வருகிற பஸ்ஸும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய ஏதாவது ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால்தான் ஊரும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையெல்லாம் மாவு. வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் வெள்ளையாக ஓடும். பல வருஷமாக இந்த ரோட்டைத் தின்றுகொண்டிருக்கிறேன் என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

பள்ளியில் பாடம் நடத்துவதுதான் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பாடம் நடத்துவது நடுவில் கிடைக்கிற ஓய்வு. மற்ற நேரமெல்லாம் செல்போனில் பதிவு ஏற்ற வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்குச் செருப்பு அளவு என்ன, யாருக்குக் கண்ணாடி வேண்டும், எல்லாம் போனில். டவர் கிடைக்காத ஊர் என்பதால் நானும் அறிவியல் வாத்தியாரும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் அலைவோம். பார்க்கிறவர்கள் மழைக்கு வேண்டுகிறோம் என்று நினைத்தாலும் நினைக்கலாம்.

இப்படியாக வீட்டுக்கு வந்து சேரும்போது எனக்குள் ஒன்றும் மிச்சம் இருக்காது. டீயைக் குடித்துவிட்டுப் பின்னறைக்குப் போய் என் லாரியில் ஏறிவிடுவேன்.

லாரி என்றால் கம்ப்யூட்டர் கேம்தான். எங்கேயோ இருக்கிற நாட்டின் ரோடுகளில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு லோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுடுவது, குத்துவது, துரத்துவது எதுவும் கிடையாது. ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பெரம்பலூரில் கேம் சென்டர் வைத்து நடத்திப் பார்த்து மூடிவிட்ட ஓர் இளைஞரிடமிருந்து பழைய ஸ்டேரிங் ஒன்றும் அதனுடைய பெடல்களும் வாங்கிவந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்து சீட்டுக்காரர், "கார் வாங்கப் போறீங்களா சார்?" என்று கேட்டார். ஸ்டேரிங்கிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார் வாங்குகிறேன் என்று நினைத்திருப்பார் போல.

என் மனைவி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். மோட்டார் மிஷின் வந்த பிறகு அவளுடைய பழைய கால் மிதி மிஷின் பின்னறையில் சும்மா கிடந்தது. அதன் பலகைதான் எனக்கு கேபின். பலகை விளிம்பில் ஸ்டேரிங்கை வைத்து போல்ட்டை முடுக்கிவிடுவேன். கீழே மிதி ஆடாமல் கம்பியால் கட்டி, அதன்மேல் என் பெடல்கள். கியர் போட்டு, இன்டிகேட்டர் போட்டு, மெதுவாக ரோட்டில் ஏறும்போது தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கும். அந்த ரோட்டில் மழை பெய்யும். வைப்பர் ஓடும். யாரும் இடது பக்கம் புகுந்து முந்த மாட்டார்கள். ஆளே இல்லாத நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்பேன். நிற்காமல் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் நிற்பேன். அப்படி நிற்பதில் ஒரு சுகம் இருந்தது. அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நாளெல்லாம் பஸ்ல குலுங்கி வந்துட்டு, திரும்பியும் ரோட்டுக்கே போறீங்களே, ஒங்களுக்கு அலுக்கவே அலுக்காதா?" என்று மனைவி கேட்பாள்.

"பஸ்ஸ நான் ஓட்டலியே" என்பேன்.

இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். நாமக்கல் பையன்கள் நிறைய. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஒரே ரோட்டில் வரிசையாகப் போவோம். எனக்குத் தலை நரைத்துவிட்டது, நான் வாத்தியார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. "ப்ரோ, கொஞ்சம் ஓரமா போங்க ப்ரோ" என்பார்கள். பள்ளியில் பகலெல்லாம் சார், சார் என்று கேட்டுப் புளித்த காதுக்கு அந்த ப்ரோ இனிப்பாக இருந்தது.

அவர்களில் ஒருவன் தன் மாமாவின் பழைய லாரியில் மைக்கைக் கட்டி அதன் சத்தத்தைப் பிடித்து, கேமுக்குள் போடுகிற மாதிரி செய்து குழுவில் எல்லோருக்கும் அனுப்பினான். இப்போது வருகிற புது லாரிகளின் சத்தம் இல்லை. அந்தக் காலத்து மூக்கு லாரி இரண்டாவது கியரில் ஏற்றம் ஏறும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டே வருமே, அந்தச் சத்தம். நானும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். வெளிநாட்டு ரோட்டில் நம் ஊர் லாரி உறுமிக்கொண்டு போவது கேட்க வேடிக்கையாக இருந்தது.

அப்போதிலிருந்துதான் அம்மாவின் தொல்லை ஆரம்பித்தது.

என் அப்பா லாரி டிரைவர். எங்கள் சொந்த ஊர் வரதராசன்பேட்டை. அங்கிருந்து முந்திரி ஏற்றிக்கொண்டு போவார், பிறகு அரியலூர் சிமென்ட். கிளம்பினால் எப்போது வருவார் என்று தெரியாது. வந்தால் தூங்குவார். ரோட்டில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை முற்றி, வீட்டில் கட்டிலில்தான் இறந்தார். அதன் பிறகு அம்மா எங்களோடு அரியலூருக்கு வந்துவிட்டார்.

நான் லாரியில் ஏறியதும் அம்மா முறத்தில் வெங்காயத்தோடு பின்னறைக்கு வருவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வீடுகளில் யாராவது சின்ன வெங்காயம் கொடுத்துவிட்டபடியே இருப்பார்கள். அதனால் உரிப்பதற்கு எப்போதும் வெங்காயம் இருக்கும். எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு உரித்தபடியே புலம்புவார்.

"ஒங்கப்பாவோட மாரடிச்சது பத்தாதுன்னு இப்ப ஒன்னோடயுமா? வூட்டுக்குள்ளயே லாரிய கொண்டாந்து வுட்டுட்டான்."

"அப்ப ஹால்ல போயி உக்காருங்கம்மா. அங்க டிவி இருக்குல்ல."

போக மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன லோடு?" என்பார்.

"தக்காளி."

"எங்க போவுது?"

திரையில் பார்த்து ஊர்ப் பெயரைச் சொல்வேன்.

"வாயில நொழையுற பேரா ஒண்ணு கெடைக்கலியா ஒனக்கு? எப்ப வந்து சேரும்?"

"காலையில வந்துரும்மா."

"வளைவுல ஆரன் அடி. மெதுவா போ."

ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை. தினமும் இதே கேள்விகள். எனக்குக் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில், யாரும் எதுவும் கேட்காத ஒரே இடத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் லோடு என்ன, ஊர் எது என்று கேட்டுக்கொண்டிருக்கும். வெங்காய வாடையில் எனக்கே கண் எரியும். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கண்ணிலும் தண்ணீர் நிற்கும். சில நாள் பதிலே சொல்லாமல் ஓட்டுவேன்.

மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள், ஒரே பிள்ளை. அரியலூரில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. காலையில் ஓர் எண், சாயங்காலம் அதைவிடக் குறைந்த ஓர் எண். நான் பிழைப்பு நடத்துவதே எண்களை வைத்துத்தான். ஆனால் அந்த வராந்தாவில் நர்ஸ் கையில் காகிதத்தோடு வரும்போது எண்களைக் கண்டாலே குலை நடுங்கியது. மனைவி உள்ளே மகளோடு இருந்தாள். அம்மா வீட்டில் தனியாக. தினமும் விடிந்ததும் அம்மாவின் போன் வரும். "எப்புடி இருக்கு?" என்று மட்டும் கேட்பார். சொன்னதும் வைத்துவிடுவார். ஒருநாள் காலையில் மட்டும் போன் வரவில்லை. நான் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு மறுநாள் எண் ஏற ஆரம்பித்தது. மகள் இட்லி கேட்டாள். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். நான் வெளியே போய் டீ வாங்கிக் குடிக்காமலே கீழே கொட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் மகள் ஹாலில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலித்தது. கொஞ்ச நேரம் லாரியில் ஏறலாம் என்று பின்னறைக்குப் போனேன். மிஷின் பலகையில் போல்ட் அழுத்திய தடம் இருந்தது. ஸ்டேரிங் இல்லை.

"அம்மா, ஸ்டேரிங் எங்க?"

"மாதாகிட்ட இருக்கு" என்றார் அம்மா, அடுக்களையிலிருந்து.

"எந்த மாதா?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான், ஆனால் வேறு என்ன கேட்பது?

"ஏலாக்குறிச்சி மாதா. புள்ள பொழைச்சு வந்தா இனிமே வூட்டுல அந்த லாரி ஓடாதுன்னு நேர்ந்துகிட்டேன். வாயால மட்டும் சொன்னா பத்தாதுல்ல. கழட்டி எடுத்துட்டுப் போயி காலடியில வச்சுட்டு வந்துட்டேன்."

"நீங்களேவா கழட்டுனீங்க?"

"ஒங்கப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தே எம்பாதி ஆயுசு போயிருக்கு. இது ஒரு போல்ட்டு."

கட்டைப்பையில் ஸ்டேரிங்கை வைத்துக்கொண்டு, கீழப்பழுவூரில் பஸ் மாறி, திருமானூர் வழியாக, இந்த வயதில் தனியாகப் போய் வந்திருக்கிறார். போன் எடுக்காத நாள் அதுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் ஆட்களிடம் இது புதுசில்லை. பிள்ளையின் தலைமுடியை அம்மா நேர்ந்துகொள்வாள், புருஷனின் குடியைப் பெண்டாட்டி நேர்ந்துகொள்வாள். நேர்ந்துகொள்பவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர். ஆனால் முடி திரும்ப முளைக்கும், குடி போனால் நல்லது. என் ஸ்டேரிங் யாருக்கு என்ன செய்தது? என் பொருளைக் கொடுக்க நீங்கள் யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஹாலில் மகள் தட்டை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

மனைவியிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருச்சிக்குப் போய் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். "கடைத்தேங்காய எடுத்து வழிப்புள்ளையாருக்கு ஒடைச்ச கதையா இருக்கே" என்றாள். "அத்தை சரியான ஆளு. அவுங்க டிவி சீரியல நேர்ந்துக்கலாம்ல? ஒங்க லாரியத்தான் பாத்தாங்களா?"

ஸ்டேரிங் இல்லாமலும் அந்த விளையாட்டை ஆடலாம். கீபோர்டில் நான்கு பொத்தான் போதும், கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டேன். இன்ஜின் உறுமியது. அதே நேரத்தில் ஹாலில் மகள் இருமினாள். அவசரமாகத் தண்ணீர் குடித்ததில் வந்த புரை. நிமிர்ந்தால் வாசற்படியில் அம்மா நின்றிருந்தார். கையில் முறம். முகத்தில் ரத்தமே இல்லை. நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்.

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவன் நான். ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டுக் காட்டுபவன். நான் லாரி ஓட்டுவதால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடாது என்று எனக்குத் தெரியாதா? வாத்தியாருக்குத் தெரியும். தகப்பனுக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் மேல் எனக்கு இருந்த பெரிய கோபமே அதுதான். என் விளையாட்டை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், நான் நம்பாத ஒன்றுக்கு என்னைப் பயப்படவும் வைத்துவிட்டார்.

சாயங்காலங்கள் காலியாகிவிட்டன. பரீட்சைத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தாமல் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் லாரி ஓட்டுகிற வீடியோக்களைப் போனில் பார்ப்பேன். அடுத்தவன் சாப்பிடுவதைப் பார்த்து நமக்கு வயிறு நிறையுமா? குழுவில் பையன்கள், "ப்ரோ, ஆளையே காணோம்?" என்று கேட்டார்கள். வேலை என்று எழுதினேன். அப்புறம் அவர்களும் கேட்கவில்லை. மகள் சின்னதாக ஏதாவது கேட்டால்கூட எரிந்து விழுந்தேன். எதற்காக எரிந்து விழுகிறேன் என்று எனக்கே தெரியும். அதனால் இன்னும் அலுப்பாக இருந்தது.

அம்மாவும் அந்த நாட்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வெங்காயம் அப்படியே மூட்டையில் கிடந்து முளை விட்டது. "கண்ணு எரியுது, நீயே உரிச்சுக்கம்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், ஆனால் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. என்னைப் பார்த்துக் குற்ற உணர்ச்சிப்படுகிறார் என்று நினைத்தேன். படட்டும் என்றும் நினைத்தேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் போனது மனைவிக்குத்தான்.

"நீங்க லாரி ஓட்டுனப்பவாச்சும் வூட்டுல மனுசனா இருந்தீங்க. இப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு செவுத்தப் பாத்துகிட்டு உக்காந்திருக்கீங்க. எப்புடியும் புள்ளைக்கு நன்றி சொல்ல ஏலாக்குறிச்சிக்குப் போவணும். ஞாயித்துக்கெழம போவோம். அங்க சாமியார்கிட்டயே கேட்டுருவோம், இது செல்லுமா செல்லாதான்னு."

போனோம், நான்கு பேரும். அம்மா கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பூசை முடிந்தது. மகள் மெழுகுதிரி ஏற்றினாள். அவள் முழங்காலில் நின்ற இடத்துக்குப் பின்னால் அம்மா வெறுந்தரையில் நெற்றி பட விழுந்து வெகுநேரம் எழவில்லை.

வெளியே காணிக்கை ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஜனங்கள் மாதாவுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற கோழி, தேங்காய், வாழைத்தார் எல்லாவற்றையும் பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். மாதாவிடமிருந்து வாங்கிப்போகிற பொருள் என்பதால் கடையில் வாங்குவதைவிட ஆசையாக எடுப்பார்கள். ஒருவர் சேவலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். என் ஸ்டேரிங்கை யார் எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

மனைவி எங்களை ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனாள். சாமியார், அந்தக் கோயில் பாதிரியார், என் வயதுக்காரர். காலையிலிருந்து ஜனங்களைப் பார்த்துப் பார்த்து என்னைப்போலவே களைத்த முகம். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, அது ஒங்களோடதா? இங்கதாங்க இருக்கு."

எழுந்து போய் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். என் ஸ்டேரிங்தான். யாரோ துடைத்துக்கூட வைத்திருந்தார்கள்.

"ஏலத்துல தூக்கிக் காட்டுனோம்ங்க. ஒருத்தரும் கேக்கல. வண்டி அடிபட்டு உசுரு தப்பிச்சவுங்க யாரோ கழட்டிக் கொண்டாந்து வச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டாங்க. அடிபட்ட வண்டி சாமான யாரு வூட்டுக்கு எடுத்துட்டுப் போவா? அன்னிக்கு முன்னாடி நின்ன ஒருத்தரு புது பைக் வாங்கிட்டு மந்திரிக்க வந்தவரு, நாலு அடி பின்னால போயிட்டாரு."

மனைவி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

"அத்தை நேர்ந்துகிட்டது இவரோட பொருளங்க சாமி. இவருகிட்ட ஒரு வார்த்த கேக்கல. அது செல்லுங்களா?" என்று கேட்டாள் மனைவி.

சாமியார் அம்மாவைப் பார்த்து மெதுவாகவே பேசினார். "அம்மா, நீங்க பாசத்துலதான் செஞ்சீங்க, தப்பே சொல்லல. ஆனா ஒருத்தர் நேர்ந்துகிட்டா அது அவுங்கள மட்டும்தான் கட்டும். அடுத்தவுங்க பொருள நாம நேர்ந்துக்க முடியாது. நம்மளோடதத்தான் குடுக்க முடியும்." என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க தாராளமா எடுத்துட்டுப் போங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. பயப்படாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போலிருந்தது. ஸ்டேரிங்கைக் கையில் எடுத்துவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள்.

"எம்பொருளத்தான் சாமி குடுத்தேன்" என்றார் அம்மா.

சாமியாருக்குப் புரியவில்லை. "அப்ப இது சாரோடது இல்லைங்களா?"

"சக்கரம் அவனோடதுதான். நான் இல்லைங்கல." அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "அதப் போட்டா ஒரு லாரி சத்தம் வரும் சாமி. இவுங்கப்பா ஓட்டுன வண்டி சத்தம் அப்புடியே. தெரு முக்குல திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிரும், அவருதான்னு. அடுப்புல ஒலய வச்சுருவேன். அவரு போனதுக்கப்புறம் அந்தச் சத்தம் எங்கயும் கேக்கல. இப்ப ஓடுற வண்டியெல்லாம் வேற சத்தம். திடீர்னு ஒருநாளு வூட்டுக்குள்ள கேட்டுச்சு. சாயங்காலமானா இவன் ஓட்டுவான், நான் பின்னால உக்காந்து கேட்டுகிட்டு இருப்பேன். புள்ளைக்கு முடியலன்னதும் என்ன குடுக்குறதுன்னு யோசிச்சேன். நகை நட்டா இருக்கு எங்கிட்ட? ஆசையா வச்சிருந்தது அது ஒண்ணுதான். அதக் குடுத்தாத்தானே மாதாவும் குடுப்பா?"

வெளியே ஏலக்காரர் ஒரு தரம், இரண்டு தரம் என்று கத்துவது கேட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை அடக்கிக்கொண்டேன். இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அம்மா என்னைத் தொல்லை செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். என்ன லோடு, எங்கே போகிறது, எப்போது வந்து சேரும் என்று அவர் கேட்டதெல்லாம் என்னிடம் இல்லை. அப்பாவிடம் கேட்க முடியாமல் விட்டதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பாதி நாள் பதில்கூடச் சொல்லவில்லை.

ஸ்டேரிங்கை மேசைமேல் திரும்ப வைத்தேன். சாமியார் என்னைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை. மகள்தான், "அப்பா, எடுத்துட்டு வரலியா?" என்று கேட்டாள். "இல்லடா, இது மாதாவோடது" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் அதிகம். மனைவியும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் பின்னால் இடம் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம். அரியலூர் நெருங்க நெருங்க, வழக்கம்போல, பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர ஆரம்பித்தது. தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிய லாரி. எங்கள் பஸ் டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய் விட்டுவிட்டார். அம்மா தலையைச் சாய்த்து அந்த லாரியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"சிமென்ட்டும்மா" என்றேன் நானாக.

அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்க போவுது?" என்று கேட்டார்.

"மெட்ராஸா இருக்கும்."

"எப்ப வந்து சேரும்?"

"காலையில வந்துரும்மா."